ஒரு முறம் தவிடு

அத்தியாயம் 5

எங்கள் அறைக்கு வருகிறவர்கள் எதையாவது தொலைத்துவிட்டு வருவார்கள். நகை, நாய்க்குட்டி, புருஷன், இப்படி. தவிட்டோடு வந்த ஒரே ஆள் தையல்நாயகி அம்மாள்.

1988, ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை காலை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு தையற்கடைக்கு மேலே எங்கள் அறை. வாசலில் 'ரத்தினபாய், தனியார் துப்பறிவாளர்' என்று போர்டு. அதில் என் பெயர் இல்லை. கேட்டால், "பெயின்ட் தீர்ந்து போச்சு பாபு" என்பார் மேடம். நான்கு வருஷமாக பெயின்ட் வாங்கவில்லை.

மேடம் இருபத்திரண்டு வருஷம் தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவர். ஜன்னலுக்குள் நீளும் கையை மட்டும் பார்த்து, ஆள் எந்த ஊர், என்ன வேலை என்று சொல்லிவிடுவார். சிட்டிபாபுவாகிய நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். இன்ஸ்பெக்டர் ஒருவரிடம் வாயைக் கொடுத்து வேலையை இழந்தவன். வாய் மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

தையல்நாயகி அம்மாளுக்கு ஐம்பத்தேழு வயது இருக்கும். மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். இடுப்பில் ஹார்ட் மாத்திரை பாட்டில், கையில் மஞ்சள் பை. அதை மேஜைமேல் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். முழுக்கத் தவிடு.

"மாடு எங்கம்மா? கீழ கட்டிட்டு வந்தீங்களா?" என்றேன்.

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"இத ஒருத்தி கையில குடுக்கணும். அவளக் கண்டுபுடிச்சிக் குடுங்கம்மா" என்றார் தையல்நாயகி. "பேரு கிளியம்மா. எம்புள்ள சம்பத்த அவளுக்குத்தான் வித்தேன்."

நம் வீடுகளில் பிள்ளைகளைக் கேலி செய்வோமே, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று. அது கேலி மட்டும் இல்லை. பிறக்கிற பிள்ளை எல்லாம் செத்துப்போகிற வீட்டில், அடுத்ததாகப் பிறந்ததை இன்னொருத்திக்கு விற்றுவிடுவார்கள். விலை ஒரு முறம் தவிடு. பிள்ளை இந்த வீட்டுடையது இல்லை என்று நினைத்து எமன் வாசலோடு போய்விடுவான் என்று நம்பிக்கை. தையல்நாயகிக்கு மூன்று பிள்ளைகள் போயிருந்தன. நான்காவது சம்பத். பிறந்த பத்தாம் நாள் முறத்தில் வைத்து, இரும்புலியூர் ரைஸ் மில்லில் நெல் புடைக்கிற கிளியம்மாளுக்கு விற்றார்கள். அவளுக்கும் அப்போது மூன்று மாசத்துப் பிள்ளை ஒன்று மடியில் இருந்தது. பால் இருந்தது. பிள்ளை எழுந்து நடக்கிற வரைக்கும் பெற்றவள் முகம் பார்க்கக் கூடாது என்று கட்டளை.

"பாத்தீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"சத்தியமா பாக்கல. அவ குடிசை மில்லுக்குப் பின்னால. நான் அந்தப் பக்கமே போவ மாட்டேன். பால் கட்டிகினு நெஞ்சு வலிக்கும். சுவத்தப் பாத்துகினு படுத்திருப்பேன்."

"எப்போ திரும்பி வந்தான்?"

"ஒரு வருசம் கழிச்சி. ஆடிக் கிருத்திகைக்கு ரெண்டு புள்ளைங்களையும் இட்டுகினு குன்றத்தூர்ல தங்கச்சி வூட்டுக்குப் போனா. மூணு வாரம் ஆளக் காணோம். வரும்போது எம்புள்ளையோட மட்டும் வந்தா. அவ புள்ள ஜுரத்துல பூட்டுதுன்னு சொன்னா. சம்பத்த எம்மடியில வெச்சிட்டுப் போனா. பத்து நாளுதான், ஊர உட்டே பூட்டா."

"இருபத்தாறு வருஷம் தேடல. இப்ப ஏன்?"

"ஞாயித்துக்கெழம உட்டு அடுத்த ஞாயித்துக்கெழம அவனுக்குக் கல்யாணம். வாங்கின வெலைய திருப்பிக் குடுக்காம மணையில குந்த வெக்கக் கூடாது. தாலி தங்காதுன்னு சொல்லுவாங்க."

சொல்லும்போது அவர் மேடத்தைப் பார்க்கவில்லை. பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

"விக்கும்போது பிள்ளைக்கு மச்சம், தழும்பு, ஏதாவது அடையாளம்?"

"ஒண்ணும் இல்ல" என்றார் சட்டென்று.

மேடம் அதை நோட்டில் எழுதிக் கீழே கோடு போட்டார். தேட வேண்டியது கிளியம்மாளை, பிள்ளையின் மச்சத்தை எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. புரியாதபோது நான் டீ சொல்லிவிடுவது வழக்கம். எழுந்தேன்.

"சம்பத் எங்க வேலை பாக்கறார்?"

"கிண்டி எஸ்டேட்ல போல்ட்டு கம்பெனி. எட்டு பன்னெண்டு வண்டியில போவான். வெள்ளிக்கெழம லீவு."

"ஞாயிறு இல்லையா?"

"கரண்டு பத்தலன்னு கம்பெனிக்கு ஒரு நாளுன்னு லீவு பிரிச்சி வுட்டிருக்காங்களாம்."

அதையும் எழுதிக்கொண்டார்.

பகல் முழுவதும் இரும்புலியூரில் அலைந்தோம். ரைஸ் மில் இருந்த இடத்தில் லாரி ஷெட். மில்லில் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேருக்குக் காது கேட்கவில்லை. கடைசியில் செல்லியம்மாள் என்று ஒரு கிழவி கிடைத்தாள். கிளியம்மாளோடு சேர்ந்து நெல் புடைத்தவள். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாளா என்று கேட்டேன்.

"அவ எங்க செத்தா? போன தையில தாம்பரம் மார்க்கெட்டாண்ட பாத்தேனே. கிளின்னு கூப்ட்டேன். முக்காடப் போட்டுகினு பூட்டா. அவளுக்கு என் மேல இன்னா கோவமோ" என்றாள்.

திரும்பி வரும்போது ஸ்டேஷன் மேம்பாலத்தில் மேடம் நின்றுவிட்டார். கீழே ஒரு லோக்கல் வண்டி கூட்டத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஊரை விட்டுப் போனவ தாம்பரத்தைத் தாண்டல. கண்ல படவும் மாட்டேங்கறா. கிட்டவே இருக்கணும், ஆனா மாட்டிக்கக் கூடாது. அப்படின்னா எங்க இருப்பா பாபு?"

"எங்க வேணா இருக்கட்டும் மேடம். எனக்குப் பூ வாங்கணும். என் பொண்டாட்டி ஜெயக்கொடி போன வாரமே என்னை வூட்டுக்குள்ள விடல."

"ஏன்?"

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா பூ இல்லாம போனேன். தோ, அந்த மூலைல ஒரு அம்மா குந்துவாங்க, நல்லா நெருக்கமா கட்டுவாங்க. இன்னிக்கு அதுக்குள்ள எழுந்து பூட்டாங்க போல. வெள்ளிக்கெழம மட்டும் வர மாட்டாங்க. ஒலகத்துலயே வெள்ளிக்கெழம லீவு போடற ஒரே பூக்காரி அவங்கதான். பொழைக்கத் தெரியாத ஜென்மம்."

மேடம் என் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கெழம ஈ காக்கா இருக்காது. அன்னிக்கு மட்டும் கரெக்டா..." நான் பாதியில் நிறுத்தினேன். சம்பத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு. எனக்கே உறைத்தது.

"போர்டுல உன் பேரை எழுதிடலாம் பாபு" என்றார் மேடம். இன்றுவரை எழுதவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாலத்தில் நின்றோம். மூலையில் அந்தப் பூக்காரி. ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான உடம்பு, முழங்கை வரைக்கும் பச்சை குத்தியிருந்தாள். ஆட்கள் கேட்கிற பூவை முழம் போட்டுக் கொடுத்தாலும் கண் முழுக்கப் படிக்கட்டில்தான் இருந்தது.

எட்டு ஐந்துக்கு சம்பத் வந்தான். தையல்நாயகி கொடுத்த போட்டோவில் இருந்த அதே மீசை. கையில் டிபன் பை, அவசரமான நடை. அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்து, அவன் கால் படாமல் வழிவிட்டாள். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. யார்தான் பார்க்கிறார்கள்? நானும்தான் இரண்டு வருஷமாக அவளிடம் பூ வாங்கியிருக்கிறேன், பெயர் கேட்டதில்லை. எட்டு பன்னிரண்டு வண்டி ஊதிக்கொண்டு கிளம்பியது. கடைசிப் பெட்டி மறைகிற வரைக்கும் கம்பி வழியாகப் பார்த்தாள். பிறகு விற்காத பூவைக் கூடையோடு மூடி எழுந்துவிட்டாள். கூட்டம் அப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தது.

"கிளியம்மா" என்று கூப்பிட்டார் மேடம்.

அவள் நடையை எட்டிப் போட்டாள். நான் முன்னால் போய் நின்றேன்.

"எந்தப் பூக்காரியக் கூப்ட்டாலும் எத்தினி மொழம்னு கேப்பாங்கம்மா. நீங்க மட்டும் ஓடறீங்க."

பாலத்துக்குக் கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தோம். மேடம் விஷயத்தைச் சொல்லி மஞ்சள் பையை நீட்டினார். கிளியம்மாள் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வேற இன்னா சொன்னாலும் செய்றேன். இத மட்டும் எங்கையில குடுக்காதீங்க."

"ஒரு பை தவிடுதானம்மா, வாங்கிக்கினு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போங்களேன். கல்யாணம் நிக்கிது" என்றேன்.

"ஆசீர்வாதம் தெனம் ரெண்டு வேளை பண்றேன். இது வாணாம்."

மேடம் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வித்த பிள்ளையத் திருப்பிக் கொடுத்தா, வாங்கின விலை திரும்பி வரணும். அதான் முறை. அந்த விலையை நீங்க தொட மாட்டேங்கறீங்க. நீங்க வாங்கின பிள்ளை அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகலையா கிளியம்மா?"

அவள் கூடைக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. டீக்கடைக்காரர் ரேடியோவைக் குறைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"குன்றத்தூர்ல ரெண்டுக்கும் ஜுரம்" என்றாள் ஒருவழியாக. "எது பொழைக்கும், எது போவும்னு தெரியாம ரெண்டு தோள்லயும் போட்டுகினு கெடந்தேன். அந்தம்மா புள்ளதான் பூட்டான். வெறுங்கையோட எப்பிடிப் போயி நிக்கறது? மூணு புள்ளைய வாரிக் குடுத்தவங்க. நாலாவத எங்கையில குடுத்து வெச்சாங்க. எம்புள்ள மூணு மாசம் பெரியவன்னாலும் ஒல்லி. ரெண்டும் ஒரே அளவுதான் இருக்கும்."

"அதனால உங்க பிள்ளையக் கொண்டுபோய் வெச்சிட்டீங்க."

"குடுத்துடணும்னு வெக்கலம்மா. பத்து நாளு இருக்கட்டும், அந்தம்மாவுக்கு மனசு தேறட்டும், அப்புறம் கால்ல உழுந்து சொல்லிட்டு எடுத்துகினு வந்துடலாம்னுதான் வெச்சேன். பத்தாம் நாளு போனேன். சோறு ஊட்டிகினு இருந்தாங்க. அவன் வாயெல்லாம் பருப்பு. அந்தம்மா சிரிச்சாங்க. அவங்க சிரிச்சி நான் பாத்ததே இல்ல. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு வந்துட்டேன்."

அந்த நாளைக்கு இருபத்தாறு வருஷமாக வரவே இல்லை.

"வெள்ளிக்கிழமை ஏன் வர்றதில்ல?" என்று கேட்டார் மேடம். காரணம் தெரிந்துதான் கேட்கிறார் என்று நினைத்தேன். பதிலைக் கேட்டதும் அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்று புரிந்தது.

"அன்னிக்கு எம்புள்ள இந்தப் பக்கம் வர மாட்டான். அதான் குன்றத்தூர் போயிட்டு வருவேன். அந்தப் புள்ளைக்கும் யாருனா போவணும் இல்ல? ஏரிக்கரை புங்க மரத்தடியில நான்தான் வெச்சேன். ரெண்டு மொழம் பூ வெச்சி, கொஞ்ச நாழி குந்தியிருந்துட்டு வருவேன்."

என் வாய் அன்றைக்கு என்னிடம் இல்லை. எனக்கு அழுகை வந்தது. மறைக்க டீயைக் குடித்தேன், அது ஆறிப்போயிருந்தது.

"என்ன மேடம் பண்ணப் போறோம்?" என்று கேட்டேன், அவள் போன பிறகு. "தையல்நாயகி அம்மாவுக்கு ஹார்ட்டு. இதப் போயிச் சொன்னா அங்கயே முடிஞ்சிடும். தவிட்ட எங்கனா கொட்டிட்டு, கிளியம்மா வாங்கிக்கினாங்கன்னு சொல்லிடலாம்."

"வா, சொல்றேன்" என்றார் மேடம்.

இரும்புலியூர் வீட்டில் வாழை மரமும் பந்தல் சாமானும் இறங்கிக்கொண்டிருந்தன. தையல்நாயகி எங்களைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனார். மேடம் பையை அவர் முன்னால் வைத்தார்.

"கிளியம்மா கிடைச்சிட்டாங்க. இதை வாங்க மாட்டேன்னுட்டாங்க."

தையல்நாயகி அம்மாள் அதிர்ந்து போவார் என்று நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் அதிரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நல்லவ" என்றார். "அப்பவே நல்லவதான்."

"அடையாளம் ஒண்ணும் இல்லன்னு நேத்து சொன்னீங்க" என்றார் மேடம். "மூணு பிள்ளையப் பறிகொடுத்தவங்க நாலாவதை ஒம்பது நாள் குளிப்பாட்டியிருக்கீங்க. அங்குலம் அங்குலமா பாத்திருப்பீங்க. உங்களுக்கு ஒரு மச்சம்கூட ஞாபகம் இல்லன்னா நான் நம்பல."

"வலது தொடையில" என்றார் தையல்நாயகி. "நாவப்பழம் ஒட்டின மாதிரி." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"திரும்பி வந்த பிள்ளைக்கு?"

"மொத நாளு எண்ணெ தேச்சப்பவே பாத்துட்டேன். இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. பாலத்தில் ஒருத்தி வெயிலிலும் மழையிலும் கிடக்கிறாள், இங்கே ஒருத்தி எல்லாம் தெரிந்து உட்கார்ந்திருக்கிறாள். "கேட்டிருக்கலாமேம்மா" என்றேன்.

"கேட்டா எடுத்துகினு பூடுவாளே தம்பி. மூணு தபா காலித் தூளியப் பாத்தவ நானு. அவ ஊர உட்டுப் போனதும் கோயிலுக்குப் போயி கற்பூரம் கொளுத்தினேன், அவ்ளோ பாவி நானு. ஆனா எம்புள்ள பூட்டான்னு தெரிஞ்சும் ஒரு நாளு கூட அழல. அழுதா எதுக்குன்னு வூட்ல கேப்பாங்க. இருபத்தாறு வருசம் ஆச்சி. டாக்டரு எனக்கு நாள் குறிச்சிட்டாரு. தவிடு, தாலி எல்லாம் சும்மாம்மா. எனக்குக் கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. எம்புள்ளைய அவ எங்க வெச்சா?"

மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை குன்றத்தூர். மலைமேல் முருகன் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் மலை ஏறவில்லை. ஏரிக்கரையில் புங்க மரத்தடியில் கிளியம்மாள் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். தையல்நாயகியைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு பேரும் சண்டை போடுவார்கள், கட்டிக்கொண்டு அழுவார்கள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். தையல்நாயகி போய் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"எந்த எடம்?"

கிளியம்மாள் காட்டினாள். கல்கூட இல்லை. பெருக்கிச் சுத்தமாக இருந்த ஒரு முழ மண், அதன்மேல் கதம்பம். தையல்நாயகி அதில் கை வைத்தார். அப்புறம்தான் அழுதார். அவ்வளவு வருஷத்து அழுகையும் சேர்ந்து வந்தது. கிளியம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மேடம் ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் தையல்நாயகி அம்மாளின் மாத்திரை பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அழுது முடித்துத் தையல்நாயகி மஞ்சள் பையைப் பிரித்தார். இரண்டு கையாலும் தவிட்டை அள்ளினார்.

"இந்தப் புள்ளைக்குத்தான் நீ வெல குடுத்த. இவன நான் மீட்டுக்கறேன். வாங்கிக்க கிளி."

கிளியம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை விரித்து ஏந்தினாள். கடைசிப் பிடிவரைக்கும் வாங்கி முடிந்துகொண்டாள்.

"சம்பத்துகிட்ட சொல்லிடறேன்" என்றார் தையல்நாயகி. "மணையில நீ நில்லு. நாந்தான் இத்தினி நாளு உன் எடத்துல நின்னுகினு இருந்தேன்."

கிளியம்மாள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"இன்னும் கொஞ்ச நாளு உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா" என்றாள். எத்தனை நாள் என்று தையல்நாயகி கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு மாலை கட்டியது கிளியம்மாள்தான். சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் தையல்நாயகி பையனைக் கூப்பிட்டு, "உன்னத் தவிட்டுக்கு வாங்கினவ இவதான்டா, கால்ல உழு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சம்பத்தும் சிரித்துக்கொண்டே பெண்ணோடு விழுந்தான். எல்லோரும் ஒரு நொடி கை வைத்து எடுப்பார்கள். அவள் கை அவன் தலையில் அப்படியே இருந்தது. பெண்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் தையல்நாயகி அம்மாளைப் பார்த்தேன். தனியாக நின்றிருந்தார். கையில் வாழை இலையில் சுற்றிய பூ. இனிமேல் வெள்ளிக்கிழமை அவர் முறையாம். குன்றத்தூர் பஸ்ஸில் கூட்டம். பழைய சிநேகிதன்தான் கண்டக்டர். சத்தம் போட்டு இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டு, பாலம் ஏறினேன்.

மூலையில் கிளியம்மாள் இருந்தாள். வெள்ளிக்கிழமைக் கூட்டம் அவளைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஜெயக்கொடிக்காக இரண்டு முழம் அளந்து இலையில் மடித்துக் கொடுத்தாள்.

"அந்தம்மா பஸ் ஏறிட்டாங்களா, பாத்தியா?" என்று கேட்டாள்.

"ஏத்தி வுட்டுட்டுதான் வரேன்."

"சீட்டு கெடச்சிதா?"

"கெடச்சிது. ஜன்னலோரம்" என்றேன்.